ஃபெர்கலின் பயம்

காளான் பண்ணையின் ஆறாம் கொட்டகையில்
விடியற்காலை இரண்டு மணிக்கு
ஆங்கிலம் இப்படித்தான் எனக்குள் நுழைந்தது:
நெற்றியில் விளக்கு, கையில் குட்டிக் கத்தி,
பெட்டியில் ஒட்ட வேண்டிய லேபிளின் முதுகில்
ஜார்ஜிய எழுத்தில் ஒரு சொல்.

வியாழன்தோறும் மொனஹன் நூலக மாடியில் வகுப்பு.
சொல்லித்தரும் ஃபியக்ரா என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன்.
நாங்கள் தப்பாகச் சொன்னால்
தானே தப்புச் செய்தவன்போல் சிவந்துபோவான்.
பக்கத்து நாற்காலியில் எட்மில்சன்,
பிரேசில்காரன், இறைச்சி ஆலையில் எலும்பு நீக்குபவன்.
மூன்று மாதத்தில் அவனிடம் சேர்ந்தது ஒரே சொல்:
க்ராண்ட்.
மழையா? க்ராண்ட்.
விரலில் நாலு தையலா? க்ராண்ட்.
இந்த ஒன்றை வைத்தே
அயர்லாந்து முழுக்கப் பிழைத்துக்கொள்ளலாம் சியூரி, என்பான்
சைகையில்.

எனக்கு அது வாய்க்கவில்லை.
எங்கள் பாஷையில் வணக்கத்துக்குள்ளே வெற்றி இருக்கிறது.
ஒருவர் வெற்றி என்று நீட்டினால்
வாங்கிக்கொண்டு திருப்பித் தர வேண்டும்.
இங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்கும்போதே
கேட்டவர் கதவைத் தாண்டிவிடுகிறார்.
முதல் வாரம் பதிலோடு பின்னால் ஓடினேன்:
இடுப்பு பிடித்திருக்கிறது,
மகள் லிலேவுக்குப் பல்வலி,
பணம் அனுப்பினேன், இன்னும் போய்ச் சேரவில்லை.
ஒரு பஸ் டிரைவர் சீ யூ லேட்டர் என்றார்.
எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை.
எதற்கும் இருக்கட்டும் என்று
அன்று சாயங்காலம் அறையைப் பெருக்கி வைத்தேன்.

பிறகு அந்த வாக்கியம்.
ஐ ஆம் அஃப்ரெய்ட், ஹீட்டர் திங்கட்கிழமைதான், என்றாள் வீட்டுக்காரி.
ஐ ஆம் அஃப்ரெய்ட், அந்த மாத்திரை தீர்ந்துவிட்டது.
ஐ ஆம் அஃப்ரெய்ட், தபால் கவுண்டரை மூடியாயிற்று.
ஓநாய்கூட இல்லாத தேசம்.
இவ்வளவு பயந்த சனங்களை நான் கண்டதே இல்லை.
எல்லோரிடமும் கொஞ்சம் மெதுவாகப் பேசத் தொடங்கினேன்.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்.
மேனேஜர் ஃபெர்கல் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.
ஆறாம் கொட்டகை, மின்சாரச் செலவு, ஏதோ ஒரு சதவீதம்.
கடைசியில்,
ஐ ஆம் அஃப்ரெய்ட், வீ ஹேவ் டு லெட் யூ கோ.

ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும்.
லெட் என்றால் விடு. கோ என்றால் போ.
பயந்துபோன ஒரு மனிதர் என்னைப் போக விடுகிறார்,
மணி நாலுகூட ஆகவில்லை, எத்தனை நல்லவர்!
நன்றி சொன்னேன்.
மேசைமேல் கிடந்த அவர் கையைத் தட்டிக்கொடுத்தேன்.
டோன்ட் பீ அஃப்ரெய்ட், ஃபெர்கல்.
அவர் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
திரை அணைந்திருந்தது.

சைக்கிள் நிறுத்துமிடத்தில்
லிதுவேனியாக்காரி தங்குவோலே விளக்கினாள்,
எங்கள் இருவருக்கும் பிடிக்காத,
எங்கள் இருவருக்கும் தெரிந்த
பழைய ரஷ்யனில், ஒரே சொல்லில்.
சீட்டுக் கிழிந்தது.
தலை விளக்கைக் கழற்றித் தர மறந்திருந்தேன்.
அதன் வெளிச்சம் அவள் முகத்தில் விழ
அவள் கண்ணைக் கூசினாள், நான் அணைத்தேன்.

அந்த வியாழனும் போனேன்.
போகாமல் அறையில் என்ன செய்வது?
ஃபியக்ரா வழக்கம்போல் சுற்றிவரக் கேட்டான்,
ஹவ் ஆர் யூ.
எட்மில்சன், க்ராண்ட்.
என் முறை.

ஐ ஆம் அஃப்ரெய்ட், என்றேன்.

சபாஷ், நல்ல உச்சரிப்பு என்பதுபோல் தலையாட்டினான்.
மார்க்கரைப் பலகையருகே பிடித்தபடி
மீதி வாக்கியத்துக்குக் காத்திருந்தான்.
இந்த ஊரில் அதற்குப் பின்னால்
எப்போதும் ஏதாவது வரும்:
ஹீட்டர், மாத்திரை, தபால்.

எட்மில்சன் மட்டும்
என் பக்கம் திரும்பிப் பார்த்தான்.