மிச்சத் தாள்

பாம்பன் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே
என் ஸ்டிக்கர் கடை.
உப்புக்காற்றில் எந்தச் சாமிக்கும் ஆயுசு ஆறு மாதம்.
ஓரம் சுருளும், நிறம் வெளுக்கும்,
மறுபடி வருவார்கள்.
அதனால்தான் பிழைக்கிறேன்.

எது ஓடுகிறதென்று
என்னைக் கேட்டால் தெரியும்.
முழு உருவம் பழைய மாடல்.
இப்போது கண் மட்டும் போதும்,
அதுவும் கோபமான கண்.
மயில் வேண்டாம், தோகையில் ஒரு கோடு.
சிலுவை என்றால் மெலிசாக, சாய்வாக,
கையெழுத்துப் போட்ட மாதிரி.
சீனி நைனா தன் வேனுக்குப் பிறை கேட்டபோதும்
பளபளப்பு வேண்டாம்ணே என்றார்.
மேட் ஃபினிஷில் வருகிறார் கடவுள்.

நம்புராஜன்
கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன வருஷம்
வண்டியில் அவன் அப்பா ஒட்டிய அம்மனைச்
சுரண்டித் தரச் சொன்னான்.
கூடப் படிக்கிறவர்கள் சிரிக்கிறார்களாம்.
ஹேர் டிரையரில் சூடு காட்டி
நகத்தால் உரித்தேன். முப்பது ரூபாய்.
வேலை கிடைத்து, போன மாசம் வந்தான்.
நெற்றியில் மூன்று கோடு, மணிக்கட்டில் உருத்திராட்சம்.
“டேங்குல சூலம் வேணும், பெரிசா.
ஆபீஸ்ல எல்லாரும் போட்டிருக்காங்கண்ணே.”
ஒட்டி முடித்ததும் சாய்ந்து நின்று போட்டோ எடுத்தான்,
சூலம் சரியாக விழவில்லையென்று
மறுபடி எடுத்தான்.
நானூறு.

சிரிக்கிற யோக்கியதை எனக்கில்லை.
தொண்ணூற்றேழில், ராமநாதபுரம் ஐடிஐயில்,
கறுப்புச் சட்டை போட்டுத் திரிந்தேன்.
வாரம் ஒரு கூட்டம், டீ, வடை, வாக்குவாதம்.
கடவுள் இல்லையென்று நான் சொன்ன அழகில்
தையல் பிரிவு எஸ்தர் மேரி திரும்பிப் பார்த்தாள்.
அதற்காகவே இன்னும் இரண்டு முறை சொன்னேன்.
இல்லை என்பதும் எனக்கொரு சட்டைதான்;
காலர் நன்றாக நின்றது.

நேற்றுச் சாயங்காலம்
சின்னப்பாலம் முத்துராக்கு
பாசி எடுத்துவிட்டு நேரே வந்தாள்.
விரல்களில் சுற்றிய துணி சொட்டிக்கொண்டிருக்க,
முக்குளிக்கிற கண்ணாடி நெற்றிமேல்.
இடுப்பில் கட்டி இழுக்கிற மிதவைக் கேனில் கீறல்.
ஒட்ட ஒரு துண்டு வேண்டும்.
வேலா, சூலமா என்று
பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.
“அதெல்லாம் காசுல்ல.
அந்தா, கீழ கெடக்கே, அது போதும்.”

அது, வேல்களை உரித்தெடுத்த பின்
மிஞ்சுகிற மஞ்சள் தாள்.
நடுவே வேல் வடிவத்தில்
ஒன்றுமில்லாத இடம்.
கீறல் மறைய அவளே அழுத்தித் தேய்த்தாள்.
ஓட்டை வழியே கேனின் பழைய நீலம்
வேலாகத் தெரிந்தது.
அவள் கவனித்தாளா, தெரியாது.

சாமி கும்பிடுவியா என்றேன். ஏன் கேட்டேனோ.
“உள்ள மூச்சப் புடிச்சிருக்கப்ப வாயத் தொறக்க முடியாது.
மேல வந்தா
மூச்சு வாங்கவே வாய் சரியா இருக்கு.”
மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.
எவ்வளவு என்றாள்.
வேண்டாம் என்றதற்கு
பையிலிருந்து ஒரு கைப்பிடி மரிக்கொழுந்துப் பாசி எடுத்துக்
கவுண்டரில் வைத்துவிட்டுப் போனாள்.
அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.
கம்ப்யூட்டர் பக்கம் தண்ணீர் ஓடியது, துடைத்தேன்.

கச்சான் எழும்பி மணல் வந்தது.
மதுரை வேன்காரருக்கு நாளைக்குள்
நாற்பது கண்கள்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.
மணல் புகுந்தால் குமிழ் விழும்,
குமிழை எடுக்கப் போனால் கிழியும்.
இரண்டு கண் கூடுதலாக வெட்டினேன்.