எலுமிச்சை மிட்டாய், இரண்டு பொட்டலம்

கயானி நகரில் நவம்பர்.
மூன்று மணிக்கே இருட்டிவிட்டது நேற்று.
இது இன்னொரு மூன்று மணி, விடியாதது.
பனி வழிக்கும் வண்டியின் சாவி கோட்டுப் பையில் இருக்கிறது.
நாலரைக்குத்தான் வேலை.

"யாராவது விழித்திருக்கிறீர்களா?
செவ்வாய்க்கிழமை அயோடின் அறைக்குப் போகிறேன்.
மகளுக்கு இரண்டு வயது.
எத்தனை நாள் கழித்துத் தூக்கலாம்?
தாளில் போட்டிருக்கிறது, தெரியும்.
தாளைக் கேட்கவில்லை,
போய்வந்தவர்களைக் கேட்கிறேன்."

பெயர் இல்லை. குளிர்ந்தகை என்று
தானே சூட்டிக்கொண்ட பட்டம்.
எந்த ஊர், ஆணா பெண்ணா, தெரியாது.
தாளைக் கேட்கவில்லை என்ற இடத்தில்
எனக்குப் பிடித்துப்போனது.

பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதினேன்.
அழித்தேன்.
கழுத்துக்குள் இருந்ததை அறுத்தெடுத்த பின்
மிச்சத்தைக் கொல்ல ஒரே ஒரு மாத்திரை.
ஈயக் குப்பியில் அதைக் கொண்டுவந்தவர்
நான் விழுங்கியதும் வாசல்வரை பின்வாங்கினார்.
நல்ல மனிதர். பின்வாங்கும்போதும் சிரித்தார்.
அந்தச் சிரிப்பை
ஒன்றுமில்லையில் எப்படிச் சேர்ப்பது?

எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதினேன்.
எனக்கு எப்படித் தெரியும்?
அழித்தேன்.

எதிர்வீட்டில் கார்ப்பினென், பதினோரு வருடமாக.
அவர் கதவு திறக்கும் சத்தம் கேட்டால்
பூட்ஸ் மாட்டிய காலோடு உள்ளேயே நிற்பேன்,
அவர் படியிறங்கிப் போகும்வரை.
அவரும் எனக்காக அப்படி நிற்கிறார் என்று நினைக்கிறேன்.
இங்கே இதற்கு மரியாதை என்று பெயர்.
அந்த நான்தான்
முகம் தெரியாத ஒருவருக்கு
என் எச்சிலைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்:

எலுமிச்சை மிட்டாய் கொண்டுபோங்கள், இரண்டு பொட்டலம்.
தாடைக்கடியில் வீங்கலாம், எச்சில் ஊற வேண்டும்.
எப்போது தொடங்குவதென்று நர்ஸைக் கேளுங்கள்.
பிடித்த புத்தகம் வேண்டாம்,
உள்ளே போனது உங்களோடு வெளியே வராமல் போகலாம்.
என் குறுக்கெழுத்துப் புத்தகம் அங்கேயே நின்றுவிட்டது,
பதினேழாவது கட்டம் காலியாக.
குளியுங்கள். மறுபடியும் குளியுங்கள்.
இரண்டாம் இரவு மோசம், வலியால் இல்லை.
சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு
வேகமாய்ப் போகும் காலடி
அன்றுதான் காதில் விழும்.

எனக்குப் பன்னிரண்டு நாள் சொன்னார்கள்.
உங்களை அளந்து உங்களுக்குச் சொல்வார்கள்,
என் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.
பன்னிரண்டாம் நாள் ஆர்வோவைத் தூக்கப் போனேன்.
மாட்டேன் என்றான்.
நாலு வயது. தள்ளி நிற்கச் சொல்லிச் சொல்லி
தள்ளி நிற்கப் பழகியிருந்தான்.

இதை அனுப்புவதா?
காபி ஆடை கட்டியது.
மறுநாள் அவனே வந்து முதுகில் ஏறினான்
என்று சேர்த்தேன்.
மறுநாள் இல்லை.
ஐந்தாம் நாள் என்று திருத்தி
அனுப்பினேன்.

எனக்கு முன்பே யாரோ பதில் போட்டிருந்தார்:
"நானும் விழித்திருக்கிறேன்."
அவ்வளவுதான். அந்த மூன்று சொல்லுக்கு
ஏழு நன்றி சொல்லியிருந்தது குளிர்ந்தகை.
என் நீண்ட கடிதத்துக்கு ஒரே கேள்வி:
"ஐந்தாம் நாளா?"
ஐந்தாம் நாள். ஞாயிற்றுக்கிழமை.
ஒரு காலில்தான் சாக்ஸ் போட்டிருந்தான்.

பிறகு பேச்சில்லை.
செவ்வாய் வந்தது, நான் பாலத்தின் பனியை வழித்தேன்.
புதன், வியாழன்.
பிழைத்தவர்கள் திரும்பிவந்து சொல்வதில்லை,
மற்றவர்களும்தான்.
பெட்ரோல் பங்கில் எலுமிச்சை மிட்டாய் வாங்கினேன்.
அந்தப் புளிப்பு எனக்கு இப்போது ஆகாது.
வண்டியில் கிடக்கிறது.

பிப்ரவரியில் வேறு யாரோ கேட்டார்கள், அதே கேள்வி.
வேறு யாரோ சொன்னார்கள்:
மிட்டாய் இரண்டு பொட்டலம்.
பிள்ளைகள் முதலில் வரமாட்டார்கள்,
ஐந்தாம் நாள் வந்துவிடுவார்கள், கவலை வேண்டாம்.

அது விதியில்லை, என் மகன் ஒருவன் செய்தது
என்று எழுதினேன்.
அழித்தேன்.
அழித்தது சரிதானா என்று
இன்னும் தெரியவில்லை.