அரைப்பேர்

ஏழு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்கு.
ஆறரைக்கே ரோட்டில் நின்றோம், நானும் அண்ணனும்.
காதுக்குக் கம்பளித் தொப்பி, தொப்பிக்கு மேல் துவாய்,
துவாய்க்கு மேல் அவன் கை.
நுவரெலியா பஸ்ஸில் பாட்டைப் போட்டு அலறவிடுவார்கள்.
டிரைவரிடம் நிறுத்தச் சொன்னேன்.
ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் குறைத்தான்.
அதுவும் பெரிய விஷயம்.

நாற்பத்தொரு வயது திலகநாதனுக்கு.
மீசையில் பாதி நரை.
பதினேழாம் அறைச் சுவரில் பலூன், முயல், குடை பிடித்த கரடி.
சின்ன பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்தான்,
முட்டி நெஞ்சில் இடிக்க.
ஒரு தாய் தன் மகனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.
பிறகு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
மடியில் கிடக்கிறவனுக்கு நாற்பத்தொன்று ஆகும் வருசத்தைக்
கணக்குப் பார்க்கிறவள் போல.

டொக்டர் நோனா சின்னப் பெண்.
அவர் சிங்களத்தில் கேட்க, மிஸ்ஸி தமிழில் சொல்கிறார்:
மூன்று வயதில் விரல் நீட்டிக் காட்டினாரா?
மற்றப் பிள்ளைகளோடு விளையாடினாரா?
பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பினாரா?
அவனுக்கு மூன்று வயதில் நான் பிறக்கவேயில்லை, மிஸ்ஸி.
அம்மா போய் ஆறு வருசம்.
அம்மா திட்டும்போது சொன்னதை வைத்துத்தான் பதில் சொன்னேன்.
பிள்ளைமடுவத்தில் தொட்டிலுக்குள் கிடக்கமாட்டானாம்,
வெறுந்தொட்டிலை ஆட்டிவிட்டு நின்று பார்ப்பானாம்.
ரொட்டி கிழிந்திருந்தால் தொடமாட்டானாம்.
ஃபெக்டரிச் சங்கு ஊதினால் கானுக்குள் படுத்துக்கொள்வானாம்.
என் பதிலெல்லாம் 'ஆம்' என்றே முடிந்தது.
கேள்விப்பட்ட ஆம்.
மிஸ்ஸி எல்லாவற்றுக்கும் சரி போட்டார்.

இருபத்திரண்டாம் வயதில், கவ்வாத்து மலையில்,
கங்காணி தோளைத் தொட்டதற்குக் கத்தினான்.
கையில் கத்தி இருந்தது. எல்லார் கையிலும்தான் இருந்தது.
பைத்தியம் என்று தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள்.
அன்று தொடங்கிய ஊசி, மாசம் ஒன்று,
பத்தொன்பது வருசம்.
எச்சில் வழிந்தது. கால் இழுத்தது.
"இப்ப நல்லா அடங்கிட்டான்" என்றது லயம்.

பழைய கொப்பியைப் புரட்டிய டொக்டர்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு ஒரு பேர் சொன்னார்.
மிஸ்ஸி தமிழில் சொல்லப் பார்த்து, விட்டுவிட்டு,
அப்படியே சொன்னார்: ஓட்டிசம்.

ஃபோரத்தில் 'பிள்ளையின் பெயர்'. எழுதினேன்.
'பெற்றோர் கையொப்பம்'. வெட்டிவிட்டுத் தங்கச்சி என்று போட்டேன்.
'செல்லும் பாடசாலை'. ஒரு கோடு.
பேச்சுப் பயிற்சி வியாழக்கிழமை, பதினாலு வயது வரைக்கும்.
அதற்கு மேலே?
அதை மிஸ்ஸி சிங்களத்தில் கேட்கவேயில்லை.
டொக்டருக்குப் புரிந்தது.
மேலிடத்துக்கு எழுதியிருக்கிறாராம்.
இந்த ஆம் அவருடையது.

மறுநாள் செக்ரோலைத் திறந்து கணக்கப்பிள்ளை கேட்டார்:
"நேத்து ஒனக்குப் பேர் இல்லையே, எங்க போன?"
அண்ணனுக்குப் பேர் வாங்கப் போனேன்.
அவர் சிரிக்கவில்லை.
மாசம் ஒருக்கா வரச் சொல்லியிருக்கு,
மத்தியானத்துக்கு மேலே மலைக்கு வந்திடுறேன்,
அரைப்பேராவது போடுங்க.
பார்ப்போம் என்றார்.

ஊசியை நிறுத்திவிட்டுக் குளிசை.
குளிசையைக் கால் காலாகக் குறைக்க வேண்டும்.
சவர பிளேட்டால் வெட்டுகிறேன், பாதி தூளாய்ப் போகிறது.
மூன்றாம் மாசம் அவன் விடிய நாலு மணிக்கே எழுந்துவிட்டான்.
தகரம் ஒழுகும் இடத்தில் வாளியை வைத்தான்.
எடுத்தான். அரை அடி தள்ளி வைத்தான்.
சத்தம் மாறியது.
குனிந்து கேட்டான். மறுபடி தள்ளினான்.
எனக்கு ஆறு மணிக்குப் பெரட்டு.
பக்கத்துக் காம்பராவில் சுவரைத் தட்டுகிறார்கள்.
படுடா என்று சொல்ல வாயைத் திறந்தவள்
இன்னொரு வாளியை எடுத்து நீட்டினேன்.
அவன் வாங்கவில்லை.

அது நீல வாளி.
நீலம் அவனுக்கு ஆகாது.
இத்தனை வருசத்தில் நானே மறந்திருந்தேன்.