இனம், நேரம், எண்ணிக்கை

அணைக்குக் கீழே எங்கள் ஓயாவுக்குப்
பெயர் மட்டும்தான் ஓடுகிறது.
தண்ணீரை மலைக்குள் குடைந்து
மறுபக்கம் கொண்டுபோய்விட்டார்கள்.
மிச்சம் கல்.
மாசி வெயிலில் கால் வைக்க விடாத கல்.
அணைக்கதவு திறக்கும் நாளில் சைரன் ஊதும்;
ஒரு மணிநேரம் ஆறு தன்னை ஞாபகப்படுத்திக்கொள்ளும்,
பிறகு மறுபடி கல்.

வளைவில் ஒரேயொரு மடு.
இடுப்பளவு, கொஞ்சம் பாசி.

கரையில் மஞ்சள் பலகை, மூன்று மொழியில்.
தமிழில் ஒரு துணைக்கால் விடுபட்டு
'சரணலயம்' என்றிருக்கிறது.
பெயின்டர் அறியாமலே எங்கள் லயத்தைக்
காட்டுக்குள் சேர்த்துவிட்டான்.
உள்ளே போனால் தண்டனை என்ற வரியில் மட்டும்
பிழையே இல்லை.

மாதத்தில் இரண்டு நாள் கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு
திணைக்களத்துச் சப்பாத்தைப் போடுகிறேன்.
ஆம்பிளை அளவு. நுனியில் துணி திணிக்க வேண்டும்.
ஏழு மரம், ஏழு கமெரா.
கார்டைக் கழற்றி, பற்றரி மாற்றி, எறும்பு துடைத்து
எழுந்திரிக்குமுன் ஒரு கிளிக்.
எந்தக் கார்டிலும் முதல் மிருகம்
என் முழங்கால்.

இரவு, மேசையில்லாத வீட்டில்
தகரப் பெட்டிமேல் கம்பியூட்டர்.
மரை, பெட்டை, 1.
முள்ளம்பன்றி, பின்பக்கம் மட்டும்.
நீர்நாய் இரண்டு:
ஈரமில்லாத ஆற்றில் கல்லுக்குக் கல் தாவி,
வீடு மாறிப்போன ஆட்களை
விலாசம் கேட்டு அலைகிற மாதிரி.
பன்றி, பன்றி, பன்றி.
காற்றில் ஆடிய பன்னம், பதினெட்டுப் படம்.

ஐந்தாவது கமெரா, மடுவைப் பார்த்தது.
காலை 4.50.
டோர்ச் வெளிச்சத்தில் கேன்கள்.
புஷ்பகாந்தி. ராக்காயி.
மேல் டிவிஷனிலிருந்து கட்டிவந்த புதுப்பெண்.
நாலாவது ஆள் குனிந்திருக்கிறாள், முகமில்லை.
இடுப்பில் படங்கு,
யூரியாப் பையில் வெட்டியது, நீல எழுத்து தலைகீழாக.
அந்தப் படங்கு இப்போது
என் பின்னால் கொடியில் காய்கிறது.

லயத்துப் பீலி மார்கழியோடு நின்றது.
கடிதம் போட்டோம். தொரை பார்ப்பதாகச் சொன்னார்.
பார்த்தும் இருப்பார்.

5.31.
சிறுத்தை.
பின்காலில் கண்ணிக் கம்பி அறுத்த வளையம்,
முடி முளைக்காத இடம்.
புஷ்பகாந்தி கேன் வைத்த அதே கல்லை முகர்கிறது.
நிமிர்ந்து, நாங்கள் ஏறிப்போன ஒற்றையடிப் பாதையைப்
பார்க்கிறது, ரொம்ப நேரம்,
மூன்று படம்.
பிறகு குடிக்கிறது.
நாங்கள் கலக்கிய தண்ணி
தெளிந்திருக்காது.

விதானகே ஐயா நல்ல மனுசன்.
"ஆள் படம் வந்தா
'இடையூறு' கட்டத்துல போடுங்க தங்கச்சி,
பேர் வேணாம்" என்பார்.
பேர் கேட்காததே ஒரு உபகாரம்.

சிறுத்தை, 5.31, 1 என்று எழுதினேன்.
அதற்கு மேல் வரி காலியாகக் கிடந்தது.
அடுப்பில் தேத்தண்ணி பொங்கி அணைந்தது.
இனம் என்ற கட்டத்தில்
'தண்ணிக்கு வந்தது' என்று எழுதினேன்.
4.50.
எண்ணிக்கை, நாலு.
மூடப் போகையில் படத்தின் ஓரத்தில்
ஒரு சின்னக் கை, ஒரு சோடாப் போத்தல்:
ராக்காயி மகன்.
நாலை அடித்து
ஐந்து போட்டேன்.