முன்னால் இருந்தவர்

சர்க்யூட் ரோட்டில் வீடு.
பெயரில் மட்டும்தான் மின்சாரம் ஒழுங்கு.
சோற்றுப்பானை கொதிக்கையில் சலவை இயந்திரம் ஆகாது,
குளிரூட்டி ஓடினால் கேத்தல் கூடாது;
ஜாதகம் பொருத்துவதுபோல் பொருத்திப் பார்த்தே
பதினேழு வருடம் ஓட்டிவிட்டோம்.

ஒரு புதன்கிழமை, இட்லிக்கு அரைபடும்போது
வீடு இருண்டது.
எதிர்வீட்டு லோ கியோக் ஹுவா கதவிடுக்கில் எட்டிப் பார்த்து
"மறுபடியுமா?" என்றாள்.
எப்போதும் சிரித்துவிட்டு சுவிட்சைத் தூக்கிவிடுவேன்.
அன்று கருகல் வாடை.

முதலில் வந்தவன் வாசலில் நின்றே
ஆறாயிரம் வெள்ளி என்றான்,
ஒரு பிளக்கைக்கூடத் திறக்காமல்.
உரிமத்தைக் காட்டச் சொன்னேன்.
வண்டியில் இருக்கிறதென்று கீழே போனவன்
இன்னும் மின்தூக்கிக்குக் காத்திருக்கிறானோ என்னவோ.

ரோஸ்லி, நான் கேட்குமுன்பே
உரிம அட்டையை மேசையில் வைத்தார்.
மெயினை அணைத்துவிட்டு
ஒவ்வொரு பிளக்காய்க் கழற்றி மோந்தார்,
கேலாங்கில் துரியான் வாங்குபவர் மாதிரி.
"முப்பது ஆம்பியர். ஒரு விசிறி, ஒரு ரேடியோ
இருந்த காலத்துக்குச் சரி.
நாற்பதாக்கணும், வயர் முழுக்க மாற்றணும்.
சுவரைக் கொத்த வேண்டாம், வீவக சம்மதிக்காது.
வெள்ளைக் குழாய் வெளியே தெரியும்.
பார்க்க அழகாயிருக்காது."
"நாங்கள் மட்டும்?" என்றார் என் கணவர்.

மறுநாள் ஏணியில் அறந்தாங்கி நீலமேகம்.
உருவ உருவ வந்துகொண்டே இருந்தன
சிவப்பும் கறுப்பும், விறைத்து, வெடித்து,
தொட்டால் உதிரும் தோலோடு.
பழுப்பும் நீலமும் அவற்றின் வழியே ஏறின.

சாமி மாடத்தின் பின்பலகையைக் கழற்றியபோது
வேலை நின்றது.

இரண்டு வயர். கையால் முறுக்கிய முறுக்கு.
மேலே செலோடேப்.
டேப்புக்கு அடியில் தேன்நிறம், அதற்கும் அடியில் கரி.
பலகையில் ஐம்பது காசளவில்
ஒரு கறுத்த வட்டம்.

ரோஸ்லி சத்தம் போடவில்லை.
டார்ச்சை அசைக்காமல் பிடித்தபடி,
"யார் செய்தது?"

இரண்டாயிரத்து ஒன்பது, தீபாவளிக்கு முதல் நாள்.
ஆள் வைத்தால் எண்பது வெள்ளி கேட்பானென்று
பல்லால் கடித்து வயரை உரித்தவர்
சோபாவில் பேப்பரை
முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

"முன்னால் இருந்தவர்," என்றேன் ஆங்கிலத்தில்.
"யார்?"
"மிஸ்டர் சியா."
ரோஸ்லி வட்டத்தைப் பார்த்தார்,
மாடத்து முருகனைப் பார்த்தார்,
மேலே கேட்கவில்லை.

பேப்பருக்குப் பின்னாலிருந்து தமிழ் வந்தது:
"பாவம் சியா, செத்தே எட்டு வருஷமாச்சு."
"வாயை மூடுங்க."
ஏணி குலுங்கியது.
ஒரு திருகாணி விழுந்து சோபாவுக்கடியில் உருண்டது.
"என்ன மேகம்?" என்றார் ரோஸ்லி.
"கை வழுக்கிடுச்சு, பாஸ்."
அறந்தாங்கியை மறந்தது என் தவறு.
போகும்போது இரண்டு வடை அதிகம் கட்டிக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டவன், யாரையும் பார்க்காமல்,
"மிஸ்டர் சியாவைக் கேட்டதாச் சொல்லுங்க அக்கா."

இரவு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டோம்:
பானை, கேத்தல், குளிரூட்டி, சலவை.
வீடு கப்பல் மாதிரி இரைந்தது.
ஒன்றும் விழவில்லை.

பெட்டியில் ஒரு சின்னப் பொத்தான்.
மாதம் ஒருமுறை அழுத்தணும் என்றிருந்தார் ரோஸ்லி,
அழுத்தினால் விழணும்,
விழவில்லையென்றால்தான் என்னைக் கூப்பிடுங்கள்.
"நான் அழுத்தட்டுமா?" என்றார் இவர்.
"நீங்க எதையும் தொடாதீங்க."

அழுத்தினேன்.
டக்கென்று எல்லாம் அடங்கியது.
கேத்தலுக்குள் வெந்நீர் மட்டும்
கொஞ்ச நேரம் முனகியது.

"பிள்ளை அந்த மாடத்துக்குக் கீழேதானே
படுத்துத் தூங்குவா," என்றார் இருட்டில்.
இம்முறை குரலில் சியா இல்லை.
நான் பதில் சொல்லவில்லை.
கையைத் தேடி வந்தது கை.

எதிர்க்கதவு திறந்தது.
"மறுபடியுமா?"
"இல்லை," என்றார் என் கணவர்.
"இந்தத் தடவை நாங்களேதான்."