முப்பத்தொன்பது டிகிரி

வியாழக்கிழமை, மாலை ஆறு மணி இருட்டு.
ஐஸ்லாந்தின் வடமேற்கு மூலையில்
நகராட்சிக் குளத்தின் வெந்நீர்த் தொட்டி.
கழுத்து வரைக்கும் கோடை,
கழுத்துக்கு மேலே ஜனவரி.
ஹால்பெராவின் புருவத்தில் பனி பூத்திருக்கிறது.
இந்தக் கோலத்தில்தான்
நாங்கள் நால்வரும் இலக்கியம் பேசுவது.

அந்த நாவலை வாசிக்காதவர்கள் இந்தத் தீவில்
கைக்குழந்தைகள் மட்டும்தான் என்கிறார்கள்.
நூலகத்தில் அதற்கு
முப்பத்தொரு பேர் வரிசை.
என் முறை வந்தது. வாசித்தேன்.
"பிடிக்கவில்லை" என்றேன்.

ஸ்டைன்வோர் மருந்துக்கடைக்காரி,
எதையும் அளந்தே கொடுப்பவள்,
அன்று அளக்கவில்லை:
"எழுபது பக்கம் அழுதேன் நான்.
உனக்கென்ன, முகத்தில் இருப்பது கண்ணா, பொத்தானா?"

சொன்னேன்:
கப்பல் மூழ்குகிறது.
இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு
கேப்டன் நான்கு பக்கம் பேசுகிறார்,
அம்மாவைப் பற்றி, ஒளியைப் பற்றி,
வினையெச்சத்தின் மேல் வினையெச்சம் அடுக்கி,
ஒரு முற்றுப்புள்ளிக்குக்கூட மூச்சு விடாமல்.
பதினோரு வருடம்
மீன்பிடிக் கப்பலின் எந்திர அறையில் இருந்தவள் நான்.
நீர் ஏறும்போது மனிதர்கள் சொல்வது
ஒன்றே ஒன்றுதான்:
"பம்ப்பைப் போடு."

"நாவல் என்ன துறைமுகத்து நேர அட்டவணையா?"
இது தோர்லாக்குர்.
பிறகு கண்ணை மூடிக்கொண்டு
அதிலிருந்து ஒரு வரி சொன்னான்:
பனி யாரையும் தேடி வருவதில்லை,
வந்த பிறகு
எல்லாரையும் தேடியதுபோல் நடந்துகொள்கிறது.

"பனிக்கு ஏது நடத்தை? விழும். அவ்வளவுதான்."
"குட்டையைக் குழப்பாதே" என்றாள் ஸ்டைன்வோர்,
குட்டைக்குள்ளிருந்து.
ஹால்பெரா அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டாள்,
எங்கள் எல்லாரையும்விட உரக்க:
"அந்த முடிவு ஒன்று போதுமே!
அத்தனை காலம் கழித்து
நாய் திரும்பி வருமே, அந்த இடம்!"

நாவலில் நாயே கிடையாது.

முதலில் யாரும் பேசவில்லை.
பிறகு ஸ்டைன்வோர் அவள் தலையைப் பிடித்துத்
தண்ணீருக்குள் அழுத்தினாள்.
மேலே வந்து, இருமி, ஹால்பெரா சொன்னாள்:
"எல்லாரும் அழுகிறீர்கள்,
நாய் இருக்கும் என்று நினைத்தேன்."

சிரித்தோம். ஆவி எங்களை மூடித் திறந்தது.
தோர்லாக்குர் சிரிக்கவில்லை.
"என் அண்ணன் போன அன்று
ரேடியோவில் எண்கள்தான் வந்தன.
அட்சரேகை, தீர்க்கரேகை.
பிறகு அதுவும் இல்லை.
அந்த நான்கு பக்கம்
எனக்கு வேண்டும்."

நாக்கு நுனி வரைக்கும் வந்தது:
அது உன் துக்கத்தின் பெருமை,
நாவலின் பெருமை இல்லை.
சொல்லவில்லை.
முட்டி வெளியே தெரிந்தது, குளிர்ந்தது,
உள்ளே இழுத்துக்கொண்டேன்.
இப்போதும் நான் நினைப்பது அதுதான்.
மோசமான நாவல்.

வீட்டுக்கு ஓட்டும்போது
விளக்கொளியில் பனி நேராக என்னைப் பார்த்து வந்தது.
வேறு ஆளே இல்லாததுபோல்,
காலையிலிருந்து என்னைத்தான் தேடியதுபோல்.
சட்டென்று வைப்பரைப் போட்டேன்.

நாளை புத்தகத்தைத் திருப்ப வேண்டும்.
ஓரங்களில் பென்சிலால் நான் எழுதியவற்றை
அழிக்க உட்கார்ந்தேன்.
பொய். பொய். இனிப்பு அதிகம். பொய்.
ரப்பர் துகள் மடியெல்லாம்.
நூற்று நாற்பத்துமூன்றாம் பக்கத்தில்,
கேப்டன் வாயைத் திறக்கும் இடத்தில்,
கொஞ்சம் அழுத்தியே எழுதியிருக்கிறேன் போல.
தேய்த்த பிறகும் தடம் தெரிகிறது.
காகிதம் கிழிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

வரிசையில் அடுத்த பெயர் யார் என்று
நூலகத்துக்குப் போன் செய்து கேட்டேன்.
கடைசிப் பக்கத்தின் கீழே,
அழிக்க வசதியாக, மெல்ல எழுதினேன்:

நாய் வராது, ஹால்பெரா.