நாலு யன்னல்

வருசம் பிறக்கும் இரவு ஆராதனையில்
தட்டில் குப்புறக் கிடந்த வாக்குத்தத்த அட்டைகளில்
எமில்டா எடுத்தது
காலடியையும் நிலத்தையும் பற்றியது.
எனக்கு வந்தது
காத்திருப்பதைப் பற்றி.

அட்டையோடு நின்றிருக்கலாம்.
தை இரண்டாம் கிழமையே
தையல் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
மட்டக்குளியில் எழும்பும் மாடிக் கட்டடத்துக்குப் போனாள்.
காவலுக்கு நின்ற சுமணபாலவிடம்
பாதிச் சிங்களத்தில் என்ன சொன்னாளோ,
ஏழாம் மாடிவரை ஏறவிட்டிருக்கிறான்.
லிப்ட் இல்லை. கைபிடி இல்லை.
சீமெந்துத் தூசியில் செருப்பைக் கழற்றிவிட்டு
அறை அறையாய் நடந்தாளாம்.

"நாலு யன்னல்," என்றாள் வந்து, மூச்சு வாங்க.
"நாலாவது கொஞ்சம் கோணல்."

பெயர்ப்பட்டியலில் நாங்கள் இல்லை.
"பிறகு வாங்கோ" என்பதற்கு
அந்தக் கந்தோரில் பதினாறு விதம் உண்டு,
எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன்.

முகத்துவாரத்தில் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே
யன்னலே கிடையாது.
பெருமழைக்குக் களனி கங்கை
உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போகும்.
அங்கே இருந்துதான் அவள் திரைச்சீலை தைத்தாள்,
நீலமென்றும் பச்சையென்றும் சொல்லமுடியாத துணியில்.
மெஷின் நிற்கும்போதெல்லாம்
பக்கத்து வீட்டுச் சிரிப்புக் கேட்கும்.
ஒருநாள் நானும் சிரித்தேன்.
கோபிக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து,
"தந்தது அவர். நான் அளவெடுத்தன், அவ்வளவுதான்."

ஆசை எது, விசுவாசம் எது,
எனக்கு இன்னும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.
ஆனால் வெறும் ஆசைக்காரர்
கோணல் யன்னலுக்கென்று தனியாக ஓரம் மடித்து
நான் கண்டதில்லை.

நேற்று புறக்கோட்டையில்
கடை பூட்டுகிற நேரம் முதலாளியிடம் கேட்டேன்:
நாலு பித்தளைக் கம்பி, நாற்பது வளையம்.
"வீடு கிடைச்சிட்டுதோ?"
"இல்லை."
கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார்.
"சரி, கொண்டுபோ. கிடைச்ச பிறகு காசைத் தா."
"இல்லை முதலாளி, இண்டைக்கே பில் போடுங்கோ."
அடுத்த மாத வாடகையில் பாதி அது.
விரல் நடுங்கத்தான் எண்ணி வைத்தேன்.

பஸ்ஸில் எல்லாருடைய முழங்காலிலும் இடித்தன கம்பிகள்.
"இதெல்லாம் எங்க கொண்டுபோறீங்க?" என்றான் கண்டக்டர்.
வீட்டுக்கு என்றேன்.

எமில்டா ஒன்றும் கேட்கவில்லை.
பில்லை மடித்து
அட்டை கிடக்கும் வெறும் பால்மா டின்னுக்குள் போட்டு
மூடியை அழுத்தினாள்.

எங்கள் அறை கம்பிக்குக் காணாது.
இரவு முழுக்க
கதவுக்கு வெளியே
ஒரு சாண் நீட்டிக்கொண்டு கிடந்தன.